நிலம் நடுங்குவது யார் பாவத்தால்?





எங்கேனும் நிலம் நடுங்கி ஊர் இடிந்தது என்றாலும், புயல் வீசிக் குடிசைகள் பறந்தன என்றாலும், ஆறு கரையுடைத்துக் குடும்பங்கள் மாண்டன என்றாலும், செய்தி கேட்ட மாத்திரத்தில் நம் மக்கள் வாயில் எழும் சொல் ஒன்றுண்டு. "என்ன பாவம் செய்தார்களோ, அனுபவிக்கிறார்கள்" என்பதே அது. அதனை இரக்கத்தோடு சொல்வோரும் உளர். இறுமாப்போடு சொல்வோரும் உளர். எவ்வாறு சொல்லினும் அதன் பொருள் ஒன்றே. அழிந்தவன் தன் அழிவுக்குத் தானே காரணன், பிறர்க்கு அதில் பொறுப்பில்லை என்பதே அப்பொருள்.

திரிசரணம் அடைந்து பஞ்சசீலம் ஏற்ற நம்மவரிடையேயும் இச்சொல் வழங்குகின்றது. "கருமம் என்பது பௌத்தக் கொள்கைதானே? செய்தவன் அனுபவிக்கின்றான் என்பதில் என்ன பிழை?" என்று கேட்போர் பலர். இவ்வினாவிற்குப் பகவன் புத்தரின் வாக்கைக்கொண்டும், நம் நாட்டில் நிகழ்ந்த அழிவுகளைக்கொண்டும் விடை காண்பதே இன்றைய பாடம். நம்மைப் பொறுத்தவரை இது நூலாராய்ச்சி மாத்திரமன்று. ஏனெனில், "உன் துன்பம் உன் முற்பிறப்பின் பாவம்" என்ற வாக்கியத்தால்தான் நம் முன்னோர் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டனர்.

1. பீகார் பூகம்பம்

1934ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 15ஆம் நாள் பிற்பகல் இரண்டேகால் மணி அளவில் வட பீகாரும் நேபாளமும் குலுங்கின. பூகம்ப அளவையில் அது 8 என்னும் எண்ணை ஒட்டியது. பீகாரில் மட்டும் 7,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். நேபாளத்தில் 8,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். முங்கேர் நகரத்தின் நெருக்கமான கடைவீதி செங்கற் குவியலாயிற்று. முசபர்பூர், தர்பங்கா, சீதாமடி முதலிய ஊர்களில் வீடுகள் விழுந்தன. காட்மண்டுவில் தரஹரா என்னும் உயர்ந்த கோபுரம் சரிந்தது.

வட பீகாரின் சமவெளியில் வேறொரு விந்தையும் நிகழ்ந்தது. ஏறக்குறைய 300 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பட்டை முழுவதும் நிலம் சேறுபோல் இளகிற்று. பூமி பிளந்து, நீரும் மணலும் ஊற்றெனப் பீறிட்டன. விளைநிலங்கள் மணலால் மூடப்பட்டன; கிணறுகள் தூர்ந்தன; கட்டடங்கள் சாய்ந்து மண்ணுள் இறங்கின. வெட்டுக்கு நின்ற கரும்பைப் பிழிவதற்கு இருந்த சர்க்கரை ஆலைகளும் சேதமுற்றன. உயிர் தப்பிய குடியானவனுக்கு வீடும் இல்லை, குடிநீரும் இல்லை, விளைச்சலை விற்க வழியும் இல்லை.

இவ்வாறு நிகழ்ந்ததன் காரணத்தை நிலநூலார் விளக்கியுள்ளனர். இந்திய நிலப்பரப்பைத் தாங்கும் பெரும்பாறைத் தட்டு ஆண்டுக்கு நாலைந்து சென்டிமீட்டர் அளவு வடக்கு நோக்கி நகர்ந்து, ஆசியத் தட்டின் அடியில் நுழைகின்றது. அம்மோதலால் எழுந்ததே இமயமலை. நகர்ச்சி தடைப்படும் இடங்களில் அழுத்தம் பல்லாண்டுகள் சேர்கின்றது, தாங்கும் எல்லை கடந்தவுடன் பாறை வழுக்குகின்றது, நிலம் அதிர்கின்றது. தங்கவயலில் வாழ்ந்த நம் முதியோர், ஆழ்ந்த சுரங்கத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்தபோது மேலே வீடுகள் அதிர்ந்ததை அறிவர். அந்தச் சிறிய அதிர்ச்சியை எண்ணிப் பார்த்தால், பெரிய அதிர்ச்சியின் தன்மை ஒருவாறு விளங்கும். கங்கைச் சமவெளியோ ஆறுகள் கொணர்ந்து குவித்த வண்டலால் ஆனது. நீர் ஊறிய அம்மணல் குலுக்கப்பட்டால், உறுதி இழந்து குழம்பாகிவிடும்.

2. இரு பெரியோரின் கருத்து வேறுபாடு

பூகம்பம் நேர்ந்த காலத்தில் காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தென்னாட்டில் சுற்றிக்கொண்டிருந்தார். ஜனவரி 24ஆம் நாள் திருநெல்வேலியில் பேசியபொழுது, பீகாரின் துன்பம் தீண்டாமை என்னும் பாவத்திற்காக நமக்கு வந்த தண்டனை என்னும் கருத்தை வெளியிட்டார். கவி இரவீந்திரநாத தாகூர் இதனைக் கேட்டு வருந்தினார். தீண்டாமையை அவரும் வெறுத்தவரே. ஆயினும், இயற்கையின் நிகழ்ச்சிக்கு இயற்கையிலேயே காரணம் தேடவேண்டும் என்றும், இத்தகைய வாதத்தைக் காந்தியடிகளின் எதிரிகளும் எளிதில் தம் பக்கம் திருப்பிக்கொள்ளக்கூடும் என்றும் அவர் எழுதினார். 1934 பிப்ரவரி 16ஆம் நாள் வெளிவந்த 'ஹரிஜன்' இதழில் அவர் மறுப்பையும் தம் விடையையும் காந்தியடிகளே ஒருங்கே வெளியிட்டார். தம் நம்பிக்கையை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

நாம் இதனை நிதானமாக ஆராயவேண்டும். தீண்டாமை கொடிது என்று ஒருவர் சொல்லும்போது, அது நமக்கு ஆதரவான சொல்லாகவே தோன்றும். ஆனால் வாதத்தை எடைபோடுங்கள். தீண்டாமை என்னும் பாவத்தைச் செய்தவர்களைத் தண்டிக்க நிலம் நடுங்கியது என்றால், அப்பாவத்தைச் சுமந்த தீண்டப்படாதவனின் வீடு ஏன் விழுந்தது? அவன் குழந்தை ஏன் மாண்டது? இந்தியா முழுவதிலும் இருந்த பாவத்திற்குப் பீகாரும் நேபாளமும் மட்டும் ஏன் விலை கொடுக்கவேண்டும்? தாகூர் அஞ்சியபடியே, "கோயிலைத் திறக்கச் சொன்னதனால் தெய்வம் சினந்தது" என்று வைதிகர் சொல்வாராயின், அதனையும் இதே அளவுகோலால் மறுக்க இயலாது. நமக்கு இன்று இனிக்கின்றது என்பதற்காகப் பிழையான வாதத்தை ஏற்றுக்கொண்டால், நாளை அது நமக்கே கசக்கும்.

3. அதே மண்ணில் பகவன் தந்த விடை

பூகம்பம் நாசம் செய்த அந்த வட பீகார், பௌத்தருக்குப் புதிய நிலம் அன்று. அந்நாளில் முசபர்பூர் ஜில்லாவில் அடங்கியிருந்த வைசாலியே, பண்டைக் காலத்தில் லிச்சவியரின் தலைநகரம். பகவன் தம் இறுதி யாத்திரையில் அங்கு, சாபால சேத்தியத்தில், தம் ஆயுளை விட்டுவிடத் தீர்மானித்தார். அப்பொழுது நிலம் நடுங்கியது. ஆனந்தர் வியப்புற்று, நிலநடுக்கத்திற்கு ஏது என்ன என்று வினவினார். தீக நிகாயத்தின் மகாபரிநிப்பாண சூத்திரத்தில் இவ்வினாவும் விடையும் உள்ளன.

பகவன் எட்டுக் காரணங்களைக் கூறினார். முதற் காரணம் இயற்கையானது: பூமி நீரின்மேலும், நீர் காற்றின்மேலும், காற்று வெளியிலும் நிற்கின்றன, பெருங்காற்று வீசும்போது நீர் அசைகின்றது, நீர் அசையப் பூமி அசைகின்றது. இரண்டாவது, சித்தி பெற்ற தவத்தோர் அல்லது தேவரின் ஆற்றல். எஞ்சிய ஆறும் போதிசத்துவர் கருவுறுதல் தொடங்கித் ததாகதரின் பரிநிர்வாணம் ஈறாக உள்ள பெருநிகழ்ச்சிகள்.

நீரும் காற்றும் பற்றிய விளக்கம் அக்காலத்து அறிவின்படி அமைந்தது. இன்றைய நிலநூல் அதனைவிட நுட்பமாகக் கூறுகின்றது. நாம் கவனிக்கவேண்டியது வேறு. அந்த எட்டினுள் மக்களின் பாவம் என்பது ஓரிடத்திலும் இல்லை. தெய்வத்தின் சினம் என்பதும் இல்லை. முதலிடத்தில் வைக்கப்பட்டதோ, காற்று, நீர், மண் என்னும் பூதங்களின் இயக்கம். இருபத்தைந்து நூற்றாண்டுகளுக்கு முன்னர் இவ்வாறு இயற்கையிலிருந்து விடையைத் தொடங்கிய ஆசிரியரின் மாணவர் நாம் என்பதை மறத்தல் ஆகாது.

அதே வைசாலியைப் பற்றி, ரத்தன சூத்திரத்தின் பழைய உரை மற்றொரு வரலாறு கூறுகின்றது. ஒரு காலத்தில் மழை பொய்த்து, அந்நகரில் பஞ்சம் வந்தது. முதலில் இறந்தவர் ஏழை மக்கள் என்று உரையாசிரியர் குறிக்கின்றார். அவர்கள் உடல்களை நகருக்கு வெளியே எறிந்தனர். பின்னர் நோய் பரவிற்று; மரணம் மிகுந்தது. மக்கள் அரசனிடம் சென்று, அவன் அதருமத்தால் இது நேர்ந்ததோ என்று ஐயுற்றனர். அரசன் சபையைக் கூட்டி, "என்னிடம் குற்றம் உண்டா என்று ஆராயுங்கள்" என்றான். ஆராய்ந்தனர், குற்றம் காணவில்லை. அதன் பின்னரே பகவனை அழைத்து வந்தனர். ஆனந்தர் சூத்திரம் ஓதி, பகவனின் பாத்திரத்து நீரைத் தெளித்து நகரைச் சுற்றி வந்தார் என்பது வரலாறு.

இவ்வுரையில் அமானுடர் பற்றிய செய்திகளும் உள. அவற்றை விடுத்து, இரண்டு குறிப்புகளை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். யார்மேல் குற்றம் என்று தேடியதால் ஓர் உயிரும் பிழைக்கவில்லை. இது முதற் குறிப்பு. பஞ்சத்தில் முதலில் செத்தவன் ஏழை, இது இரண்டாவது. மழை எல்லார்க்கும் பொய்த்தது. ஆனால் களஞ்சியம் எல்லார்க்கும் இல்லை.

4. எல்லாம் பழவினை அன்று

"ஆயினும், இன்ப துன்பம் யாவும் முன்செய்த கருமத்தின் பயனே அன்றோ?" என்று கேட்பவர்க்குப் பகவனே நேரில் விடை அளித்துள்ளார். இராசகிருகத்து வேணுவனத்தில் மோளியசீவகர் என்னும் பரிவிராசகர் இதே கேள்வியைக் கேட்டார். சம்யுத்த நிகாயத்தில் அது உள்ளது. மனிதன் உறும் வேதனைகள் பித்தத்தாலும் எழும், சிலேட்டுமத்தாலும் எழும், வாதத்தாலும் எழும், இம்மூன்றின் சேர்க்கையாலும் எழும். பருவ மாறுதலாலும், உடலைச் செவ்வனே பேணாமையாலும், பிறரால் தாக்கப்படுவதாலும் எழும். கரும விளைவாலும் எழும் என்று பகவன் எட்டாக வகுத்தார். எல்லாம் முன்வினையே என்று சாதிப்போர், தாமே அறிந்ததையும் உலகம் உண்மை என்று ஒப்புக்கொண்டதையும் மீறிச் செல்கின்றனர் என்றும் அவர் மொழிந்தார்.

எட்டில் ஒன்று கருமம்; எஞ்சிய ஏழும் வேறு. பிற்கால உரையாசிரியரும் ஐந்து நியாமங்களை வகுத்து, பருவமும் வெப்பமும் பற்றிய உது நியாமத்தையும் வித்து பற்றிய பீச நியாமத்தையும் கரும நியாமத்திலிருந்து பிரித்தே வைத்தனர். மேலும், கரும விளைவின் போக்கு எண்ணி முடியாத நான்கனுள் ஒன்று என்றும், அதனை ஊகித்துத் திரிபவன் சித்தம் கலங்குவான் என்றும் அங்குத்தர நிகாயம் கூறுகின்றது. ஆகவே, வெள்ளத்தில் மிதக்கும் ஒருவனைக் கரையில் நின்று நோக்கி, "இது இவன் பழவினை" என்று தீர்ப்புக் கூற எவருக்கும் அதிகாரம் இல்லை.

அவ்வாறாயின், கருமம் என்பதே பொய்யா? அன்று. மனத்தின் எண்ணத்தையே, அதாவது சேதனையையே, கருமம் என்று பகவன் உரைத்தார். இப்பொழுது நாம் எண்ணிச் செய்யும் செயலே நம் கையில் உள்ள கருமம். ஆற்றங்கரையைப் பழுதுபார்க்க ஒதுக்கிய பணத்தை ஒருவன் திருடுவது கருமம். சிமெண்டைக் குறைத்துப் பள்ளிக்கூடம் கட்டுவது கருமம். எச்சரிக்கை வந்தும் சேரிக்குச் சொல்லாமல் விடுவது கருமம். அண்டை வீட்டு முதியவளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுவதும் கருமமே.

5. இது இருக்க அது உளதாகும்

பகவன் கண்ட மெய்ம்மையின் சாரம் பிரதீத்திய சமுத்பாதம். இது இருக்க அது உளதாகும்; இது அற அது அறும். ஒரு விளைவு பல சார்புகள் கூடியே எழும். ஒன்றை நீக்கினால் விளைவு மாறும்.

நூற்பாலையில் உழைத்தோர் இதனை எளிதில் உணர்வர். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூம் பகுதியில், பஞ்சோடு கலந்து வந்த இரும்புத் துண்டு ஒன்று இயந்திரத்தில் மோதிப் பொறி எழலாம். அப்பொறி பஞ்சில் பற்றும். இரும்பை இழுக்கும் காந்தம் துடைக்கப்படாதிருந்தது. பறந்து படிந்த பஞ்சுத்தூசு பெருக்கப்படாதிருந்தது. தீ வாளியில் மணல் இல்லை. வெளிவாயிலின் குறுக்கே பஞ்சுப் பேல்கள் அடுக்கப்பட்டிருந்தன. ஒரு தொழிலாளி கருகினான் என்றால், அவனைக் கொன்றது பொறியா? பொறி இன்றித் தீ இல்லை என்பது மெய்யே. ஆனால் வாயில் திறந்திருந்தால் அவன் வெளியே ஓடியிருப்பான் என்பதும் மெய்யே. பொறி எழுவதை எப்போதும் தடுக்க முடியாது. வாயிலைத் திறந்துவைக்க எப்போதும் முடியும். "அவன் தலையெழுத்து" என்று சொல்லுகின்றவன், பேல்களை வாயிலில் அடுக்கியவனைத் தப்பவிடுகின்றான்.

பீகாருக்கே மீண்டும் செல்வோம். கோசி என்னும் ஆறு நேபாள மலைகளிலிருந்து பெருமளவு வண்டலைச் சுமந்து இறங்குவது; அடிக்கடி தன் வழியை மாற்றிக்கொள்வது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் அதன் இரு மருங்கும் உயர்ந்த கரைகள் எழுப்பப்பட்டன. 1963இல் பீம்நகர் அணை முடிவுற்றது. கரைகளுக்குள் அடைபட்ட ஆறு, தன் வண்டலைத் தன் படுகையிலேயே குவித்தது, படுகை உயர்ந்தது. 2008ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள், நேபாளத்தின் குசகா என்னும் இடத்தில் கிழக்குக் கரை உடைந்தது. ஆறு தன் பழைய வழிகளைத் தேடி, கிழக்கே நெடுந்தொலைவு விலகிப் பாய்ந்தது. சுபௌல், மதேபுரா, அரரியா முதலிய மாவட்டங்களில் 30 லட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் துன்புற்றனர்.

அன்று ஆற்றில் ஓடிய நீர், அக்கரை தாங்கவேண்டிய அளவில் கால் பங்குகூட இல்லை. மழை வரம்பு மீறியதனால் கரை உடையவில்லை. பேணப்படாத கரை குறைந்த நீருக்கே உடைந்தது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக வெள்ளம் காணாத அக்கிராமங்களில் படகுகளும் இல்லை; தப்பும் பழக்கமும் இல்லை. அங்கும் நிலமற்ற முசகர் முதலிய ஒடுக்கப்பட்ட மக்களின் குடிசைகள் ஊரின் தாழ்ந்த ஓரங்களில் இருந்தன. தண்ணீர் சாதி பார்த்து வரவில்லை. ஆனால் யார் மேட்டில் குடியிருப்பது, யார் பள்ளத்தில் குடியிருப்பது என்பதைச் சாதி முன்னரே தீர்மானித்து வைத்திருந்தது.

6. சார்பை மாற்றினால் விளைவு மாறும்

இனி, வங்கக் கடலோரத்து ஒடிசாவில் நிகழ்ந்த மாற்றத்தைப் பாருங்கள். 1999ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் கரையேறிய பெரும்புயல், மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்துடன் வீசியது. ஜகத்சிங்பூர் மாவட்டத்தில் கடல் ஊருக்குள் ஏறியது. அரசாங்கக் கணக்கின்படியே ஏறக்குறைய 10,000 பேர் மாண்டனர். புகலிடங்கள் மிகச் சிலவே. எச்சரிக்கை கிராமத்தின் கடைக்கோடிக்குச் சென்று சேரவில்லை.

அவ்வாண்டிலேயே பேரிடர்த் தடுப்புக்கென அம்மாநிலத்தில் தனி அமைப்பு நிறுவப்பட்டது. கடலோரத்தில் தூண்கள்மீது உயர்த்திய புயல் புகலிடங்கள் கட்டப்பட்டன. கிராமந்தோறும் தொண்டர் பயிற்சி பெற்றனர். 2013ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள், பைலின் என்னும் கடும்புயல் கோபால்பூர் அருகே கரையேறியது. அது கரையேறுமுன்னரே ஏறக்குறைய பத்து லட்சம் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். வீடுகளும் பயிரும் பெருஞ்சேதம் அடைந்தன. ஆனால் இறந்தோர் ஐம்பதின்மருக்கும் குறைவு.

பத்தாயிரம் எங்கே, ஐம்பது எங்கே! பதினான்கு ஆண்டுகளில் ஒடிசா மக்களின் முற்பிறப்பு மாறிவிட்டதா? பழவினைதான் கொன்றது என்றால், அவ்வினையைப் புகலிடத்துத் தூண்கள் எவ்வாறு தடுத்தன? கடலும் காற்றும் அவையே. மனிதர் செய்த ஆயத்தம் ஒன்றே புதிது. இது அற அது அறும் என்ற பகவனின் வாக்குக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

7. பிறப்பும் அழிவும் பற்றிய ஒரே பொய்

ஏழையும் தாழ்த்தப்பட்டவனும் தம் முற்பிறப்பு வினையால் அவ்வாறு உள்ளனர் என்னும் கொள்கை, அரசும் சமூகமும் தம் பொறுப்பினின்று நழுவுவதற்கே பயன்படுகின்றது என்று பாபாசாகேப் அம்பேத்கர், 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில் விளக்கியுள்ளார். அவர் 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் தம்ம தீட்சை பெற்றதும், அவருக்கு முன்னரே அயோத்திதாச பண்டிதர் தமிழ்நாட்டில் பௌத்தக் கொடியை உயர்த்தியதும், அப்பொய்யினின்று நம்மை விடுவிப்பதற்கே.

பிறப்பைப் பற்றிய அப்பொய்யை மறுத்துவிட்டு, பேரழிவைப் பற்றி அதே பொய்யை நம்புவது தகுமா? "இவன் பறையனாய்ப் பிறந்தது பாவத்தால்" என்ற வாக்கியமும், "இவன் வெள்ளத்தில் செத்தது பாவத்தால்" என்ற வாக்கியமும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. ஒன்றைத் தலைவாயிலில் துரத்திவிட்டு, மற்றொன்றைப் புழக்கடை வழியே உள்ளே அழைத்தல் ஆகாது.

அப்பொய் இன்றும் செத்துவிடவில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாகப்பட்டினம் முதலிய கடற்கரைகளைத் தாக்கியபின், ஒடுக்கப்பட்ட மக்கள் சில இடங்களில் நிவாரண முகாம்களிலும், பொருள் வழங்கும் வரிசையிலும், இழப்புக் கணக்கிலும் ஒதுக்கப்பட்டனர். படகு இழந்தவன் கணக்கில் ஏறினான். உப்பு நீர் பாய்ந்த வயலில் கூலி இழந்தவன் பல இடங்களில் கணக்கில் ஏறவில்லை. அலை ஒரு நாளில் திரும்பிச் சென்றது. சாதி திரும்பிச் செல்லவில்லை.

நம் மணிமேகலைக் காப்பியத்தையும் இங்கு நினைவுகூர்தல் நன்று. இந்திர விழா மறக்கப்பட்டதனால் புகார் நகரைக் கடல் கொண்டது என்று அக்கதை கூறுகின்றது. அது அக்கால மக்களின் நம்பிக்கை. ஆனால் அக்காப்பியத் தலைவி செய்தது யாது? சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள், மழையின்றி வாடிய காஞ்சிக்குச் சென்று அமுதசுரபியால் பசி தீர்த்தாள். வந்தவனிடம் குலமும் கேட்டிலள். உணவிடுமுன் அவன் பழவினையும் கேட்டிலள். நாம் பின்பற்றத் தக்கது விழா பற்றிய நம்பிக்கை அன்று. அவள் கையிலிருந்த பாத்திரமே.

8. நாம் செய்யத்தக்கன

கேட்ட பாடம் கையில் இறங்கவேண்டும். ஒவ்வொரு பௌத்த சங்கமும் பின்வருவனவற்றைச் செய்யலாம்.

முதலாவது: மழைக்காலம் தொடங்குமுன், நம் குடியிருப்பில் பள்ளத்தில் உள்ள வீடுகள் எவை, மண்சுவர் வீடுகள் எவை, தனித்து வாழும் முதியோர், கருவுற்ற பெண்கள், நடக்க இயலாதோர் யாவர் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தல். ஆபத்து வந்தால் யாரை யார் அழைத்து வருவது என்று பெயர் குறித்து முன்னரே பிரித்தல்.

இரண்டாவது: வானிலை எச்சரிக்கை வானொலியிலும் கைப்பேசியிலும் வருகின்றது. அது கடைசித் தெருவின் கடைசி வீட்டிற்கும் எட்டுகின்றதா என்று பார்ப்பது நம் கடமை. எழுத்தறியாதாரிடம் ஒருவர் நேரில் சென்று சொல்லவேண்டும்.

மூன்றாவது: நம் விகாரத்தின் கூரையும் சுவரும் உறுதியாக உள்ளனவா, இரு வாயில்கள் உள்ளனவா என்று சோதித்தல். அடைக்கலம் தரவேண்டிய இடமே விழுந்து கொல்லுதல் ஆகாது.

நான்காவது: உதவி செய்யச் செல்லும்போது, ஊரின் கடைக்கோடியிலிருந்து தொடங்குதல். எல்லார்க்கும் ஒரே வரிசை, ஒரே அடுப்பு, ஒரே பந்தி. எவரேனும் தனி வரிசை கேட்பாராயின், அவருக்கும் உணவு கொடுங்கள். தனி வரிசை மட்டும் கொடாதீர்கள். உதவி பெறுவோர் நம் சமயத்தாரா என்று கேட்டலும் கூடாது.

ஐந்தாவது: இழப்புக் கணக்கு எடுக்கப்படும்போது, பட்டா இல்லாதவர், வாடகைக்கு இருப்பவர், கூலி வேலை செய்வோர் பெயர்கள் விடுபடாதபடி உடன் நிற்றல். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் பால், சாதி, சமூகம், மரபு, சமயம் என்பவற்றால் வேறுபாடு காட்டுதல் கூடாது என்று விதிக்கின்றது. இதனை அறிந்தவன் இரந்து நிற்க வேண்டியதில்லை. தன் உரிமையைக் கேட்டு நிற்கலாம்.

9. பாட வினாக்கள்

பௌர்ணமிக் கூட்டத்தில் இவ்வினாக்களை வாசித்து, ஒவ்வொருவரும் தம் சொற்களில் விடை கூறுக.

ஒன்று: சாபால சேத்தியத்தில் பகவன் கூறிய எட்டுக் காரணங்களுள் மக்களின் பாவம் ஏன் இடம்பெறவில்லை?

இரண்டு: மோளியசீவகருக்குப் பகவன் கூறிய எட்டினுள், வெள்ளத்தாலும் புயலாலும் வரும் துன்பத்தை எதனோடு பொருத்துவீர்?

மூன்று: கோசிக் கரை உடைந்ததில் இயற்கையின் பங்கு எது, மனிதரின் பங்கு எது? பிரித்துக் கூறுக.

நான்கு: ஒடிசாவில் 1999க்கும் 2013க்கும் இடையே நீக்கப்பட்ட சார்புகள் யாவை? நம் குடியிருப்பில் நீக்கத்தக்க சார்புகள் யாவை?

ஐந்து: தீண்டாமைக்கு எதிராகப் பேசப்பட்டதாயினும், பூகம்பத்தைப் பாவத்தின் தண்டனை என்னும் வாதத்தை நாம் ஏன் ஏற்கலாகாது?

உபாசக உபாசிகைகளே! நிலம் இனியும் நடுங்கும். கடல் இனியும் பொங்கும். அநித்தியம் என்பது மலைக்கும் உண்டு, மாளிகைக்கும் உண்டு. நிலத்தை நம்மால் பிடித்து நிறுத்த முடியாது. ஆனால் விழும் சுவரின் கீழ் யார் உறங்குகின்றார் என்பதை நம்மால் முன்னரே அறிய முடியும். அவரை எழுப்பவும் முடியும். அடுத்த முறை ஓர் அழிவுச் செய்தி நம் செவிக்கு எட்டும்போது, "என்ன பாவம் செய்தார்களோ" என்னும் சொல் நாவில் எழுமாயின், அதனை அடக்கிவிட்டு, "அவர்களுக்கு என்ன வேண்டும்? நாம் எப்பொழுது புறப்படுவது?" என்று கேளுங்கள். கருணை தொடங்குவது அவ்வினாவில்.

சகல உயிர்களும் அச்சம் நீங்கி வாழ்க. சாது! சாது! சாது!